சரக்கறிவோம்: வெள்ளைத் தேயிலை – பிறப்பும் குணமும் பக்குவமும்



இந்தப் பகுதியில் இதுவரை நம் கடைகளில் நாள்தோறும் புரளும் சரக்குகளைப் பற்றியே பார்த்து வந்தோம். புளி, கடுக்காய், பெருங்காயம் என்று வரிசையாக வந்தன. இம்முறை நம்மில் பலர் இன்றுவரை கடையில் வைக்காத ஒரு சரக்கை எடுத்துக் கொள்கிறேன். அது வெள்ளைத் தேயிலை.

"விற்காத சரக்கைப் பற்றி நமக்கு என்ன பாடம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வடக்கனந்தலில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தால் நான் இழந்தது ஒரு பொட்டலம் தேயிலை மட்டுமல்ல, ஒரு நல்ல மனிதரின் உறவும் கூட. அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

நான் செய்த பிழை

சுமார் பதினைந்து வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு கமிஷன் வியாபாரியிடம் டீத்தூள் வாங்கிக் கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் பழக்கம். எடையில் ஒரு கிராம் குறைந்ததில்லை. தூளில் ஒரு முறையும் கலப்படம் இருந்ததில்லை. ஒருநாள் வழக்கமான மூட்டைகளோடு நூறு கிராம் பொட்டலம் ஒன்றும் சாம்பிளாக வந்தது. பிரித்தால் வெண்சாம்பல் நிறத்தில், பூனை முடி படர்ந்தது போல, ஊசி ஊசியாக இருந்தது. பட்டியலில் கிலோ விலையைப் பார்த்தேன். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டில் கொடுத்து டீ போடச் சொன்னேன். நம் வழக்கப்படி பாலைக் காய்ச்சி, ஒரு கரண்டி போட்டு, கொதிக்க விட்டு, சர்க்கரை சேர்த்தார்கள். நிறமும் இல்லை, திடமும் இல்லை. வெறும் பால் போல இருந்தது. கல்லாவில் நாலு பேர் இருக்கும்போதே அவருக்குப் போன் போட்டேன். "கழிவு இலையைக் காயவைத்துத் தங்க விலை போடுகிறீர்களா?" என்று சத்தம் போட்டேன். "அண்ணே, அது பாலில் போடுகிற சரக்கு இல்லை. நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றார். கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே பற்று வரவு முழுவதையும் தீர்த்துக் கணக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவரிடமிருந்து சரக்கும் இல்லை, சொல்லும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாகக் குன்னூர் போனபோது அவர் கடையில் வேறு பெயர்ப் பலகை தொங்கியது. வியாபாரத்தை விட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார் என்றார்கள். பக்கத்துக் கடைக்காரர்தான் எனக்கு அதே ஊசித் தேயிலையை முறையாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் தலை குனிந்தேன். சரக்கில் குறையில்லை, குறை என்னிடம்தான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

அன்றிலிருந்து இந்தச் சரக்கைப் பற்றி விசாரித்து, வாங்கிப் பார்த்து, குடித்துப் பார்த்துத் தெரிந்து கொண்டதையே கீழே எழுதுகிறேன்.

பெயரிலேயே இருக்கும் செய்தி

நாம் "தேயிலை" என்கிறோம். தே என்னும் இலை. அந்தத் "தே" எங்கிருந்து வந்தது? சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் என்றொரு மாகாணம் உண்டு. அதன் துறைமுகப் பகுதியில் பேசும் மொழியில் இந்தச் செடிக்குத் "தே" என்று பெயர். அங்கிருந்து கப்பலில் சரக்கு ஏற்றிய ஐரோப்பிய வணிகர்கள் சொல்லையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சீனாவின் மற்ற பகுதிகளில் "சா" என்பார்கள். மலையாளத்தாரின் "சாயா"வும் வடக்கத்தியாரின் "சாய்"யும் அந்த வழியில் வந்தவை.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். நாம் மூட்டை மேல் நாள்தோறும் படிக்கும் எழுத்துகள்: பி.ஓ.பி., ஓ.பி., பி.எஃப். இவற்றில் ஓ.பி. என்பதன் கடைசி எழுத்தும் பி.எஃப். என்பதன் முதல் எழுத்தும் "பெக்கோ" என்ற சொல்லைக் குறிக்கும். இதுவும் அதே ஃபூஜியன் பேச்சிலிருந்து வந்ததுதான். அதன் பொருள் "வெள்ளைப் பூமுடி". தேயிலைச் செடியின் இளம் மொட்டின் மேல் படர்ந்திருக்கும் வெண்ணிற ரோமத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. இன்றைய ரக எழுத்துகளில் பெக்கோ என்பது இலைத் துண்டின் அளவைத்தான் காட்டுகிறதே தவிர, உள்ளே பூமுடி இருக்கிறது என்று பொருள் அல்ல. ஆனால் சொல்லின் பிறப்பு அந்த வெள்ளை மொட்டில்தான்.

என் தகப்பனார் காலத்தில் பலகைப் பெட்டியில் டீத்தூள் வந்தபோது பெட்டி மேல் அந்த எழுத்துகளைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து அடுக்கியவன் நான். வெள்ளைத் தேயிலையின் பெயரை வாழ்நாள் முழுவதும் எழுதிவிட்டு, அந்தச் சரக்கே நேரில் வந்தபோது கழிவு என்று திட்டியிருக்கிறேன்!

பிறந்த இடம்

ஃபூஜியன் மாகாணத்தின் வடகிழக்கில் ஃபூடிங், ஜெங்ஹே என்ற இரண்டு வட்டாரங்கள் வெள்ளைத் தேயிலைக்குப் பெயர் பெற்றவை. ஃபூடிங்கில் தைமூ என்றொரு மலை இருக்கிறது. அந்த மலையில் வாழ்ந்த தைமூ என்னும் பெண், அம்மை கண்ட குழந்தைகளுக்கு இந்த இலையைக் கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. நம்மூரில் வேப்பிலைக்கு இருக்கும் இடம் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சீனாவின் சொங் வம்சத்து மன்னர் ஹுயிசொங் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தேயிலை நூலில் வெள்ளைத் தேயிலையைப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் அது வேறு. அபூர்வமாக வெளிறிய இலை விடும் மரத்திலிருந்து பறித்து, வில்லையாக அழுத்தி, பொடித்துக் குடித்தது அது. இன்று நாம் வெள்ளைத் தேயிலை என்று சொல்லும் சரக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் "தா பாய்", அதாவது "பெரிய வெள்ளை" என்ற செடி ரகம் பரவிய பிறகுதான் அது ஏற்றுமதிச் சரக்கானது. இந்த ரகத்தின் மொட்டு பருத்து, நீண்டு, வெண்பூமுடி அடர்ந்து இருக்கும்.

சீனாவின் பாரம்பரியத் தேயிலைத் தயாரிப்பு முறைகளை 2022இல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஃபூடிங் வெள்ளைத் தேயிலை செய்யும் முறையும் அதில் அடங்கும்.

செய்யும் முறை: தொடாமல் விடுவதே தொழில்

வெள்ளை, பச்சை, கறுப்பு என்று எந்தத் தேயிலையானாலும் செடி ஒன்றுதான். செய்முறைதான் வேறு.

கத்தரிக்காயையோ வாழைக்காயையோ நறுக்கி வைத்தால் கறுத்துப் போவதை நாம் அறிவோம். இலையைக் கசக்கினாலும் அப்படித்தான். உள்ளிருக்கும் சாறு காற்றுப் பட்டு நிறம் மாறும். இதை வைத்துப் பார்த்தால் எல்லா ரகமும் விளங்கிவிடும்.

கறுப்புத் தேயிலை: இலையை வாட்டி, நன்றாகக் கசக்கி, சாற்றை வெளியேற்றி, நிறம் மாறவிட்டு, பிறகு உலர்த்துவது. நாம் விற்கும் சி.டி.சி. தூள் இதிலும் ஒரு படி மேல். 1930களில் அசாமில் வந்த பல் உருளை இயந்திரத்தில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறார்கள். அதனால்தான் தண்ணீரில் போட்டவுடன் சாயம் இறங்குகிறது.

பச்சைத் தேயிலை: பறித்த கொஞ்ச நேரத்தில் வாணலியிலோ ஆவியிலோ சூடு காட்டி, நிறம் மாறாமல் நிறுத்திவிடுவது.

வெள்ளைத் தேயிலை: கசக்குவதும் இல்லை, வறுப்பதும் இல்லை. மூங்கில் தட்டில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, இளவெயிலிலும் நிழற்காற்றிலும் இரண்டு மூன்று நாள் வரை வாடவிட்டு, கடைசியில் மெல்லிய சூட்டில் உலர்த்துவார்கள். அவ்வளவுதான். வாடும்போது தானாக எவ்வளவு நிறம் மாறுகிறதோ அவ்வளவே மாற்றம்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் கடுக்காயும் புளியும் காயவைத்த நமக்குத் தெரியும், காயவைப்பதுதான் கடினமான வேலை. வெயில் அதிகமானால் மொட்டு சிவந்து போகும். மேகம் மூடினால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். கை அதிகம் பட்டால் பூமுடி உதிர்ந்து, பட்ட இடம் பழுப்பாகும். மறைப்பதற்குச் சாயமோ வறுவல் மணமோ இல்லாததால், செய்பவரின் பிழை அப்படியே கோப்பையில் தெரிந்துவிடும்.

ரகங்கள்

1. பாய் ஹாவ் யின்ஜென், அதாவது "வெள்ளி ஊசி". இலை சேராத தனி மொட்டு. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வசந்தத்தின் முதல் துளிர்ப்பில் மட்டும் பறிப்பது. விலை அதிகம்.

2. பாய் மூதான், அதாவது "வெள்ளை மூதான் பூ". ஒரு மொட்டும் அதன் கீழ் ஒன்றிரண்டு இளம் இலையும் சேர்ந்தது. 1920களில் வழக்கத்துக்கு வந்தது. ஊசியைவிட மணமும் திடமும் கூடுதல், விலை குறைவு.

3. கோங் மே, ஷோ மே. முற்றிய இலை கூடுதலாக உள்ளவை. நிறம் அடர்த்தியாக இறங்கும். விலை மலிவு.

வடக்கனந்தலிலோ கள்ளக்குறிச்சியிலோ புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இரண்டாவது ரகத்தையே சொல்வேன். ஊசி முதல் தடவை குடிப்பவருக்கு "வெந்நீர் போல இருக்கிறது" என்று தோன்றிவிடும்.

நம் நீலகிரியிலும் இலங்கையிலும்

வெள்ளைத் தேயிலை சீனாவில் மட்டும்தான் கிடைக்கும் என்பதில்லை. நீலகிரிக்குத் தேயிலைச் செடி வந்ததே சீன வழியில்தான். 1830களில் கேத்தியில் அரசின் சோதனைத் தோட்டத்தில் தேயிலை வைத்துப் பார்த்தார்கள். வணிகத் தோட்டங்கள் அதற்கு இருபது முப்பது வருடம் கழித்தே உருவாகின. நடுவட்டத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த சீனக் கைதிகள் தேயிலை செய்யும் முறையைக் கற்றுக் கொடுத்ததாக அங்கே சொல்லப்பட்டு வருகிறது. இன்றும் நீலகிரியின் பழைய தோட்டங்களில் சிற்றிலைச் சீனச் செடியும், பேரிலை அசாம் செடியும், இரண்டும் கலந்த ஒட்டும் காணலாம்.

நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி தூளாகவே குன்னூர் ஏலத்துக்கும் நம் கடைகளுக்கும் வருகிறது. ஆயினும் சில தோட்டங்களும் சிறு தொழிற்சாலைகளும் மொட்டை மட்டும் தனியே பறித்து வெள்ளைத் தேயிலை செய்கின்றன. மூட்டையில் "சில்வர் டிப்ஸ்", "சில்வர் நீடில்", "ஒயிட் டீ" என்று எழுதியிருக்கும். டிசம்பர், ஜனவரி பனிக்காலத்தில் மலை மேல் செடி மெதுவாக வளரும். அப்போது பறிக்கும் இலையில் மணம் தூக்கலாக இருக்கும் என்பது நீலகிரிக்காரர்கள் எல்லாரும் சொல்வது.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது அங்கே வணிகத் தேயிலையின் தொடக்கம். தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்களின் உழைப்பில் வளர்ந்த தொழில் அது. அங்கும் மொட்டுகளைத் தனியே பறித்து வெயிலில் உலர்த்தி "சில்வர் டிப்ஸ்" என்று விற்கிறார்கள். காலிக்கு அருகே ஹந்துனுகொட தோட்டத்தில் கையே படாமல் கத்தரிக்கோலால் மொட்டை வெட்டி வெள்ளைத் தேயிலை செய்கிறார்கள்.

இதில் ஒரு நேர்மைக் கணக்கு இருக்கிறது. நீலகிரி மொட்டும் நல்ல சரக்கு, ஃபூடிங் மொட்டும் நல்ல சரக்கு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. செடி ரகம் வேறு, மண் வேறு, சுவை வேறு. நீலகிரிச் சரக்கைச் சீனச் சரக்கு என்று சொல்லி விற்பது, நாட்டுச் சர்க்கரையை மறையூர் வெல்லம் என்று விற்பதைப் போன்றது. நம் மலைப் பெயரைச் சொல்லி விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குணம்

வெள்ளைத் தேயிலையின் சாறு வெள்ளையாக இருக்காது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போன்ற வெளிர் மஞ்சள். இரண்டாம் மூன்றாம் ரகங்களில் இளந்தேன் நிறம். வாடை, அறுவடை முடிந்த களத்தில் காய்ந்த வைக்கோலும், இளஞ்சோளக் கதிரும், கொஞ்சம் தேனும் சேர்ந்தது போல இருக்கும். துவர்ப்பு என்றால் நமக்குக் கடுக்காய். அந்தத் துவர்ப்பின் சாயல் இதில் மிக மெல்லியதாகவே இருக்கும். விழுங்கிய பின் தொண்டையில் ஓர் இனிப்பு நிற்கும். அதுதான் நல்ல சரக்கின் அடையாளம்.

மூன்று தவறான கருத்துகளைத் திருத்திக் கொள்ள வேண்டும்.

ஒன்று, "வெள்ளைத் தேயிலையில் காஃபின் கிடையாது" என்பது பொய். இளம் மொட்டில்தான் காஃபின் நன்றாகவே இருக்கிறது. தூக்கம் வராதவர்களிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு, "உடல் எடை குறையும், புற்று நோய் தீரும்" என்று சொல்லி விற்பது. இது மருந்தல்ல, பானம். ஆதாரமில்லாமல் உடல் நலப் பலன் சொல்லி உணவுப் பொருள் விற்பதை உணவுப் பாதுகாப்புத் துறையின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும், நோயாளியின் ஆசையை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது.

மூன்று, "பழையதானால் விலை ஏறும்" என்பது. ஒரு வருடம் தேயிலை, மூன்று வருடம் மருந்து, ஏழு வருடம் புதையல் என்று ஃபூடிங் வியாபாரிகளிடம் ஒரு வழக்கு உண்டு. ஷோ மே போன்ற இலை ரகங்களை முறையாக உலர்த்தி வைத்தால் சுவை மாறி முதிர்வது உண்மைதான். ஆனால் அதை நம்பி நம் கடைப் பரணில் ஏழு வருடம் போட்டு வைத்தால் கிடைப்பது புதையல் அல்ல, பூசணம்.

பக்குவம்

என் முதல் பிழை இங்கேதான். ஆகவே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

அளவு: ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு, 3 கிராம். இதைக் கரண்டியால் அளக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி டீத்தூள் 2, 3 கிராம் நிற்கும். அதே கரண்டியில் வெள்ளைத் தேயிலை ஒரு கிராம்கூடத் தேறாது, பஞ்சு போல இருக்கும். தங்கம் நிறுக்கும் சிறிய மின் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் பிறகு கண்ணளவு பழகிவிடும்.

தண்ணீர்: உப்புத் தண்ணீரில் எந்தத் தேயிலையும் சோபிக்காது, இது மட்டும் சுத்தமாக எடுபடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் குடிதண்ணீர்க் கேனைப் பயன்படுத்துங்கள்.

சூடு: கொதிக்கும் தண்ணீர் ஆகாது. 80 டிகிரி அளவு போதும். வெப்பமானி தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, டவராவுக்கும் டம்ளருக்கும் இரண்டு முறை ஆற்றுங்கள். ஒவ்வொரு ஆற்றலுக்கும் சுமார் பத்து டிகிரி இறங்கும். நமக்குத் தெரிந்த வித்தைதானே!

பாத்திரம்: பீங்கான் அல்லது கண்ணாடி. வேறு வாடை ஏறிய பாத்திரம் வேண்டாம்.

நேரம்: தேயிலையின் மேல் தண்ணீரை ஊற்றி மூடி, 4, 5 நிமிடம் விடுங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது. வடிகட்டிக் குடியுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

மீண்டும்: அதே இலையில் இன்னும் இரண்டு முறை தண்ணீர் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். பலருக்கு இரண்டாவது டம்ளர்தான் பிடிக்கும்.

கோடைக்கு: ஒரு லிட்டர் குடிதண்ணீரில் 5 கிராம் போட்டுக் குளிர்ப்பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் வடிகட்டினால் துவர்ப்பே இல்லாத குளிர்ந்த பானம். நம்மூர் மே மாத வெயிலுக்கு நன்றாக ஏற்றது.

கோப்பையில் மெல்லிய தூசி போல மிதந்தால் பயப்பட வேண்டாம், அது உதிர்ந்த பூமுடி. வாடிக்கையாளர் பூசணம் என்று சண்டைக்கு வருவார். பூசணமானால் உலர்ந்த இலையிலேயே திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், மக்கிய வாடை அடிக்கும். பூமுடி மொட்டு முழுவதும் ஒரே சீராகப் பளபளக்கும், வாடை சுத்தமாக இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. மொட்டு முழுசாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். அடியில் தூளும் குச்சியும் அதிகமிருந்தால் வேண்டாம்.

2. விரலால் நசுக்கினால் பொடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஈரம் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்குக்குள் இருப்பது நல்லது.

3. பச்சைத் தண்ணீரில் போட்டவுடன் சாயம் ஓடினால் அது சாயமேற்றிய சரக்கு. நனைத்த வெள்ளைத் தாளில் நாம் டீத்தூளைச் சோதிப்பது போலவே இதையும் சோதிக்கலாம்.

4. குடித்த பின் இலையைத் தட்டில் விரித்துப் பாருங்கள். ஊசியென்றால் மொட்டு முழுசாக நிற்கும். நறுக்கிய இலைத் துண்டுகள் விரிந்தால் ஏமாற்று.

5. இறக்குமதிப் பொட்டலமானால் எந்த நாட்டுச் சரக்கு, இறக்குமதியாளர் பெயர், நிகர எடை, விலை, மாதம் வருடம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். வேறு பூவையும் மூலிகையையும் "வெள்ளை டீ" என்று கட்டி விற்பவர்களும் உண்டு. தேயிலைச் செடியிலிருந்து வந்தால்தான் தேயிலை.

இருப்பு வைத்தல்

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக் கொள்ளும். இதையும் நான் நஷ்டப்பட்டுத்தான் படித்தேன். வியாபாரத்துக்கு வந்த புதிதில் ஒரு பெட்டி டீத்தூளைச் சாம்பிராணி மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். வாங்கிய டீக்கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பக் கொண்டு வந்தார்கள். கோயிலில் டீ குடிப்பது போல இருக்கிறதாம்! தூளுக்கே அப்படியென்றால் மணம் மெல்லிய வெள்ளைத் தேயிலைக்கு எப்படி இருக்கும்?

ஆகவே பெருங்காயம், கற்பூரம், சோப்பு, ஊதுபத்தி, மசாலா இவற்றுக்குத் தூரமாக வையுங்கள். காற்றும் வெளிச்சமும் புகாத தகர டப்பா, அல்லது உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பை நல்லது. கண்ணாடி ஜாடியில் போட்டுக் கடை முகப்பில் அழகுக்கு வைக்க வேண்டாம், வெளிச்சத்தில் மணம் போய்விடும். ஈரக் கையோ ஈரக் கரண்டியோ உள்ளே போகக் கூடாது.

விலைக் கணக்கு

ஏன் இவ்வளவு விலை? எந்தத் தேயிலையானாலும் ஒரு கிலோவுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். சாதாரணப் பறிப்பில் ஒரு பெண் தொழிலாளி ஒரு நாளில் கூடை கூடையாகப் பறித்துவிடுவார். மொட்டை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளினால் நாள் முழுவதும் நின்றாலும் சில கிலோவைத் தாண்டாது. விலையில் பெரும்பங்கு அந்த விரல்களின் கூலி. அதைக் கழிவு என்று நான் சொன்னது எத்தனை பேர் உழைப்பைச் சொன்னது என்று இப்போது புரிகிறது.

வாடிக்கையாளரிடம் கிலோ விலையைச் சொன்னால் ஓடிவிடுவார். கோப்பைக் கணக்கைச் சொல்லுங்கள். உதாரணத்துக்குக் கிலோ 10,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கிராம் 10 ரூபாய். மூன்று கிராம் 30 ரூபாய். மூன்று முறை தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு 10 ரூபாய். 25 கிராம் பொட்டலம் 250 ரூபாய், எட்டுத் தடவை போடலாம். இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு விளங்கும்.

நம்மூர்க் கடைகளுக்கு என் யோசனை இதுதான். மூட்டைக் கணக்கில் வாங்க வேண்டாம். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்களும், டீக்கடைக்காரர்களும் நம்மிடம் கேட்பது திடமான தூளைத்தான். அதுதான் நம் சோறு. ஆனால் வெளியூரில் படித்து, வேலை பார்த்துத் திரும்பும் பிள்ளைகள் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கால் கிலோ வாங்கி, 25 கிராம் பொட்டலமாக விற்றுப் பாருங்கள். விற்காவிட்டாலும் நஷ்டமில்லை. நம் நாக்கு பழகும்.

கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க

வெள்ளைத் தேயிலைக்குச் சாயம் குறைவாக இறங்குவது குறை அல்ல, அது அதன் இயல்பு.
பால், சர்க்கரை, கொதி மூன்றும் ஆகாது.
நிறுத்துத்தான் போட வேண்டும், கரண்டியால் அல்ல.
எந்த மலைச் சரக்கோ அந்த மலைப் பெயரையே சொல்ல வேண்டும்.
மருந்து என்று சொல்லக் கூடாது.
தெரியாத சரக்கை யாராவது கேட்டால் சிரிக்கக் கூடாது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. இப்போது பெரிய அங்காடிகளும் வீட்டு வாசலுக்கே பொட்டலம் கொண்டு வரும் கம்பெனிகளும் வந்துவிட்டன. விலையில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாத நாள் பல. ஆனால் பொட்டலத்தைப் பிரித்து, முகர்ந்து, "இது இந்த இடத்துச் சரக்கு, இப்படிப் போட்டால் நன்றாக இருக்கும்" என்று சொல்லும் ஆள் அங்கே கிடையாது. அது நம் கல்லாவில் மட்டுமே இருக்கிறது.

சரக்கை அனுப்புகிறவர் ஒன்றைச் சொல்ல வரும்போது, போனை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

அடுத்த முறை வசம்பைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.